ஐந்து நிறத்தில் ஓர் எரர்

கிளிநொச்சியில் வீட்டு முன்னறையில் இருந்தபடி இணையத்தளம் செய்துகொடுக்கும் எனக்கு, நிறம் தீட்டும் ஒரு நிரல்தொகுப்பு கிடைத்த நாளில் புத்தி பேதலித்துவிட்டது. நிரல் ஓடும்போது, தான் செய்ததை வரிவரியாக ஒரு கறுப்புத் திரையில் எழுதிக்கொண்டு போகும். வேறு எவரும் பார்க்காத திரை. அதற்குத்தான் நான் நிறம் பூசினேன். கழிவறையின் உட்சுவரில் சித்திரம் வரைபவனுக்கும் எனக்கும் ஒரே வேறுபாடு, அவனுக்கு வரையத் தெரியும்.

அப்போது இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு கமக்காரர் அமைப்புக்கு, அதாவது விவசாயிகள் சங்கத்துக்கு, வேலை செய்துகொண்டிருந்தேன். மழை குறைந்த சிறுபோகத்தில் வயல்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். யாருடைய முறை எப்போது என்று முதல் நாளே என் நிரலிலிருந்து அவரவர் தொலைபேசிக்குச் செய்தி போகும். செய்தி கிடைத்தும் வராதவர் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். செய்தியே போகவில்லை என்றால் அமைப்பு வேறு நேரம் ஒதுக்கும்.

செய்தி போனால் என் திரையில் பச்சை வரி. போகாவிட்டால் 'எரர்' என்ற ஆங்கிலச் சொல். சிவப்பு எல்லோரும் போடுவது. நான் கலைஞன் அல்லவா? ஐந்து எழுத்துக்கும் ஐந்து நிறம் கொடுத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பிழை வந்தா இவ்வளவு சந்தோசமா வருமே?" என்று கேட்டுவிட்டுக் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள். ரசனை கெட்டவள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிறங்கள், திரையில் ஓடும் வரிகளைச் சேமித்து வைக்கும் கோப்புக்குள்ளும் போகும்படி செய்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஒரு காலை, அமைப்பில் உள்ள ஓர் அக்கா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தம்பி, நேற்று என்ர முறையாம். ஒரு மெசேஜும் வரேல்லை. குடலை நெல்லு, கதிர் தள்ளுற நேரம், அடுத்த முறை வரைக்கும் தாங்காது."

கோப்பைத் திறந்து 'எரர்' என்று தேடினேன். ஒன்றுமில்லை.

"எல்லாம் போயிருக்கு அக்கா. உங்கட ஃபோனைப் பாருங்கோ," என்றேன், டொக்டர் மாதிரி.

"ஃபோனில மகளின்ர மெசேஜ் எல்லாம் வருது. உங்கடதான் வரேல்லை. எங்க, என்ர பேர் கிடக்கிற இடத்தை வாசியுங்கோ பாப்பம்."

அவருடைய வரிக்குப் போனேன். ஓர் எழுத்து, பிறகு அடைப்புக்குறி, இலக்கங்கள், மறுபடி ஓர் எழுத்து. கோப்பில் நிறங்கள் இப்படித்தான் குப்பையாகக் கிடக்கும். எழுத்துக்கு எழுத்து குப்பை புகுந்ததால் கணினிக்கு அது 'எரர்' என்று தெரியவில்லை. தேடலில் அகப்படாதபடி பிழையை ஒளித்து வைத்தவன் நான்தான்.

"இதென்ன தம்பி, கோழி கிளறின மாதிரி?"

"நிறம், அக்கா."

"எங்க நிறம்?"

அவருடைய தொலைபேசி இலக்கத்தில் ஓர் எண் குறைந்திருந்தது. அதைத் தட்டச்சு செய்த மகானும் நானே. அங்கேயே அமைப்பின் செயலாளருக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப பிழை ஆரின்ர?"

"என்ரதான் அண்ணை."

"பின்னேரம் அவாக்குத் தண்ணி திறக்கச் சொல்லுறன். நீயும் மண்வெட்டியோட போய் நில்."

நிறத்தொகுப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அக்காவின் வயலுக்குள் அதைத் திருப்ப வரம்பை வெட்ட வேண்டும். நான் மண்வெட்டியைப் பிடித்து, எந்தப் பக்கம் வெட்டினால் வடிவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சோடிக்காதேங்கோ தம்பி," என்றார் அக்கா. "வெட்டுங்கோ."