டினோஷாவின் முதல் மாதம்

பீற்றிஸ் என் தம்பியின் மனைவி. தம்பி இறந்த பிறகு, வாவி இறாலை மொத்தமாக வாங்கிக் கோது நீக்கி மட்டக்களப்பு ஹோட்டல்களுக்குக் கொடுத்துத்தான் ஒரே மகள் டினோஷாவைப் படிப்பித்தாள். கையில் இறால் வெடுக்கு நாற்றம் போகாது என்று ஆலயத்தில் எப்போதும் கடைசி வாங்கில்தான் உட்காருவாள். யாரிடமும் கை நீட்டாத பெண். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எனக்கே பல தடவை எரிச்சல் வந்திருக்கிறது.

டினோஷாவுக்குக் கனடாவில் கலாநிதிப் படிப்புக் கிடைத்தது. மாதாமாதம் உதவித்தொகை வேறு. அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சொன்னது நான்தான். நாலு இலட்சத்துக்கு மேல்! எங்கள் தெருவில் யார் கண்டது அவ்வளவு காசை? அங்கே ஓர் அறைக்கு என்ன வாடகை என்று கேட்கும் புத்தி எனக்கு வரவில்லை. நானும் ஒரு பட்டதாரிதான். வெட்கக்கேடு.

எங்கள் சபையில் பிள்ளையின் முதல் சம்பளத்தை ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். தங்கள் வசதியைப் பார்த்து ஒரு பங்கை மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. யாரும் குறை சொல்வதில்லை. பீற்றிஸ் அப்படியா? பிள்ளை விமானம் ஏறுமுன்பே, முதல் மாதக் காசு முழுவதும் ஆண்டவருக்கு என்று போதகரிடம் சொல்லிவிட்டாள். டினோஷா மறுபேச்சில்லாமல் அனுப்பினாள். ஆராதனையில் பெயர் வாசித்தார்கள். அடுத்த ஞாயிறே பீற்றிஸ் முன் வாங்குக்கு வந்துவிட்டாள். நானும் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

போன மாதம், டினோஷாவோடு படிக்கிற டிலுக்ஷன் லீவில் வந்தான். அவள் கொடுத்தனுப்பிய சொக்லேட் பெட்டியோடு வீட்டுக்கும் வந்தான். பீற்றிஸுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடியே சொன்னான்:

"இப்ப பரவாயில்ல அன்ரி, மூணு பேர் சேந்து ஒரு ரூம் எடுத்திரிக்காங்க. மாசாமாசம் வாற காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே மட்டுமட்டு. முதல் மாசம்தான் பாவம். ரெண்டு மாச வாடகை முன்னுக்குக் கட்டினாத்தான் அங்க சாவி தருவாங்க. வந்த காச இங்க அனுப்பிற்றா, கையில ஒண்டுமில்ல. அடுத்த காசு வாற வரைக்கும் லாப் கதிரையிலதான் படுத்தவ. சாப்பாடு, கெம்பஸில வசதியில்லாத புள்ளைகளுக்கு இலவசமாக் குடுக்கிற லைன்ல நிண்டுதான்."

பீற்றிஸ் தேத்தண்ணிக் கோப்பையை அவனிடம் கொடுக்க மறந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அவன் போனதும் மகளை அழைத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஏன் புள்ள எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீங்கதான் அதுக்கு முதலே போதகர் ஐயாட்டச் சொல்லிற்றீங்களேம்மா. நான் ஏலாதெண்டு சொல்லியிருந்தா நீங்க என்னெண்டு கோயிலுக்குப் போவீங்க?"

பீற்றிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்கம்மா. ஆண்டவருக்குத்தானே குடுத்த."

"ஆண்டவர் கேக்கல்ல மகள்," என்றாள் பீற்றிஸ். "நான்தான் கேட்டன்."