கங்காணி குடித்த என் மருந்து

முதல் அறிகுறி சந்தோஷம்தான். ஐந்தாம் படிவம் (பள்ளி இறுதித் தேர்வு) தேறி, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தூக்கம் தேவைப்படவில்லை, பசி தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் சந்தை வரை நடந்துபோய், காய்கறி லோரிகளை மறித்து டிரைவர்களுக்குப் பூகோளப் பாடம் நடத்தினேனாம். எனக்கு அந்த வெளிச்சம் மட்டுமே நினைவிருக்கிறது.

மலைக்குக் கீழே இருந்த ஆஸ்பத்திரியில் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். "என்ன மருந்து?" என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டேன். எதிலும் பதில் வரவில்லை. மேனியா (மனம் அளவு மீறிப் பொங்கும் நோய்) என்பதைக்கூட அப்பாவிடம்தான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும், பெயர் தெரியாத மாத்திரையைப் போடமாட்டேன் என்றேன். அம்மாவும் வற்புறுத்துவதை விட்டுவிட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் நாக்கு தடித்தது, கை நடுங்கியது, வகுப்பில் நின்றபடியே கண் செருகியது. சொன்னால், "ஒனக்கு அப்படித் தோணுது" என்றார்கள். நோய்தான் முற்றுகிறது என்று பயந்துபோனேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலைப் பெரட்டுக்கு (வேலையாட்களைப் பெயர் சொல்லி அழைக்கும் கூட்டம்) முன் வாசலுக்கு வந்தவரைத் தேநீர் கொடுக்காமல் அனுப்பக்கூடாது. அன்று வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி மாமா வந்தார். அம்மா குழாயடியில் இருந்தார். எனக்காக அவர் ஆற்றி வைத்திருந்த தேநீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தேன்.

"என்னா டீச்சர், கசக்குது?"

"நம்ம தோட்டத்துத் தூளுதான் மாமா. தொரகிட்ட மட்டும் நல்லாருக்குன்னு சொல்றீங்க?"

"வாய் மட்டும் கொறையல லா!" என்று மடமடவெனக் குடித்தார்.

பறித்த கொழுந்தை எடைபோடும் முதல் நிறுவைக்கே, தோட்ட மேலாளரான துரையின் கண்முன்னால், கொழுந்துச் சாக்கின்மேல் சரிந்து குறட்டை விட்டார். மலையே சிரித்தது. அம்மா மட்டும் அழுதபடி ஓடிவந்தார்.

"ஐயோ, அந்த டீயில ஒன் மருந்து கலந்திருந்தேன்டி!"

"எப்போலேர்ந்தும்மா?"

"நீ வேணாம்னு சொன்ன நாள்லேர்ந்து. மறுபடி கட்டிப் புடிச்சுக் கீழ கொண்டுபோயிருவாங்கன்னு பயந்துட்டேன்."

கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு மகிழ்ச்சி வந்தது. என் உடம்பு பொய் சொல்லவில்லை!

மறுநாளே, கீழே போகாமல், மலைமேலேயே இருந்த டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கங்காணி மாமாவும் தானாகவே லோரியில் ஏறிக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஒரு டம்ளருக்கே என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. இந்தப் புள்ள தெனமும் குடிச்சிட்டுப் பாடம் நடத்திருக்கு!"

நான் எத்தனையோ முறை சொன்னதை அவர் ஒருமுறை சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்து மருந்தின் பெயரைச் சொன்னார்: குளோர்ப்ரோமசின் (மனக் கொந்தளிப்பைத் தணிப்பது). எழுத்துக்கூட்டச் சொன்னேன், கூட்டினார். நடுக்கம் அதன் பக்கவிளைவு என்றார். "அளவு கூடிப்போச்சு. ஆனா ஒரேடியா நிறுத்தினா நோய் திரும்பலாம். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

யாரைக் கேட்கிறார் என்று கங்காணி மாமா திரும்பிப் பார்த்தார்.

"கொறைச்சுக் குடுங்க. என் கையில குடுங்க" என்றேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கலாம். எனக்கு மருந்து தேவைப்பட்டது, உண்மை. அதை என்னிடம் சொல்லித் தந்திருக்கலாம். மறைத்துத் தந்த நாட்களில் நான் நம்ப முடியாமல் போனது என் உடம்பையே.

இப்போது சந்தோஷம் வந்தால் உடனே அதில் ஏறிக்கொள்வதில்லை. நேற்று தூங்கினேனா, இன்று சாப்பிட்டேனா என்று பார்த்துவிட்டு, மெதுவாக அனுபவிக்கிறேன். பொழுது அதனால் நீளமாகிவிட்டது. சுண்ணாம்புக்கட்டி பிடிக்கும் விரல் இன்னும் இலேசாக ஆடும். போன வாரம் ஒரு மாணவி கேட்டேவிட்டாள்:

"டீச்சர், கை ஏன் ஆடுது?"

மருந்து சாப்பிடுகிறேன் என்றேன். பெயரையும் சொன்னேன். கடினமான சொல் என்பதால் ஒருமுறை பிரித்துச் சொன்னேன். முழு வகுப்பும் உரக்கத் திருப்பிச் சொன்னது.