திறக்காத சிலிண்டர் தந்த வேகம்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவரை ஏமாற்றினேன். பட்டப்பகலில், நூறு பேர் நடுவில்!

பதறாதீர்கள்... விஷயம் ஒரு காரைப் பற்றியது.

சேகர் சாஃப்ட்வேர் ஆசாமி. ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டே கதவு. பின் சீட்டில் ஒரு காய்கறிப் பை தாராளமாக உட்காரலாம். அது போதாதென்று, ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போனவர் ஒரு நைட்ரஸ் ஆக்ஸைடு கிட்டோடு திரும்பினார். பட்டனைத் தட்டினால் சிலிண்டரிலிருந்து வாயு எஞ்சினுக்குள் பாயும், கார் பறக்கும் – இதுதான் ஐடியா.

நானோ பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பிஸ்டன் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். உடைந்து வரும் பிஸ்டன்களை அறுத்துப் பார்ப்பதே பிழைப்பு. சும்மா இருப்பேனா?

"உங்க காருல இருக்கிறது வார்ப்பு பிஸ்டன்ங்க. உருக்கி ஊத்தினது. உள்ளே தாறுமாறா எரிஞ்சா பட்டுனு விரிசல் விட்டுடும். ஃபோர்ஜ்டு பிஸ்டன்னா அழுத்தி இறுக்கினது, இன்னும் கொஞ்சம் தாங்கும். அதோட உங்க கிட்ல கேஸ் மட்டும்தான் வருது. அதுக்கு ஏத்த பெட்ரோலை யார் ஊத்துவா?"

"ஆபீஸை வீட்டுக்குத் தூக்கிட்டு வராதே, கீதா."

விவேக் நகர் மெக்கானிக் அந்தோணியும் கன்னடம் கலந்த தமிழில் அதையேதான் சொன்னார். "மேடம் சொல்றது கரெக்ட் சார். ஃபோர்ஜ்டு மாத்துவோம், பெட்ரோலைக் கூட்டுவோம், ஸ்பார்க் அடிக்கிற டைமிங்கைக் கொஞ்சம் தள்ளி வெப்போம். ஸ்வல்ப பொறுங்க."

"பிஸ்டன் வர மூணு மாசம் ஆகும். ரேஸ் இந்த ஞாயித்துக்கிழமை!"

அந்தோணி பெருமூச்சு விட்டு, கிட்டை மாட்டிக் கொடுத்தார்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். முதல் ஓட்டம் கேஸ் இல்லாமல். இரண்டாவதற்கு முன் சேகர் டிக்கியைத் திறந்து, சிலிண்டர் வால்வைத் திருகிவிட்டு ஹெல்மெட் எடுக்கப் போனார். டிக்கி அருகில் நான் மட்டும். ஒரு கையில் குடை. இன்னொரு கை... அதுபாட்டுக்கு வால்வை மூடிவிட்டது.

கார் சீறிப் போனது. முன்னதைவிட அரை செகண்ட் குறைவு!

"கீதா! பட்டனைத் தட்டினதும் என்னா உதை! முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு!"

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். அடுத்த நொடி அவர் சொன்னார்: "பார்த்தியா? உன் பிஸ்டனுக்கு ஒண்ணும் ஆகலை. அடுத்த தடவை டபுள் டோஸ்!"

சிரிப்பு செத்துப்போனது. காப்பாற்றுவதாக நினைத்து, அவர் சொன்னதுதான் சரி என்று நானே சாட்சி சொல்லியிருக்கிறேன்! அடுத்த முறை நான் பக்கத்தில் இல்லாவிட்டால்? இத்தனை வருஷமாக உடைந்த பிஸ்டன்களைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் என்ன ஆனார் என்று ஒருநாளாவது யோசித்திருப்பேனா?

மறுநாள் ஷெட்டில், எவ்வளவு கேஸ் செலவானது என்று பார்க்க அந்தோணி சிலிண்டரை எடை போட்டார். மறுபடி போட்டார்.

"சார், கேஸ் இறங்கவே இல்லையே! குழாயில நின்னது ஒரு ஏப்பம் அளவுக்குப் போயிருக்கும், அவ்ளோதான்."

"நான்தான் மூடினேன்" என்றேன்.

அந்தோணிக்குத் திடீரென்று வேறொரு காருக்கு அடியில் அவசர வேலை வந்துவிட்டது.

சேகரின் முகம் சிவந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவை சொன்னேன். அப்போ கேட்கலை. ஆனா திருட்டுத்தனமா மூடினது தப்புதான்."

ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"அப்போ... அந்த அரை செகண்ட்?"

"உங்க கை. உங்க கால்."

முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! "அந்தோணி, கிட்டைக் கழட்டுங்க!"

நாமும் இப்படித்தானே? சொந்தமாகச் சாதித்துவிட்டு, பாராட்டை ராசியான சட்டைக்கும் மோதிரக் கல்லுக்கும் கொடுக்கிறோம்.

இப்போது ஆபீஸ் முழுக்க, கேஸே இல்லாமல் அரை செகண்டைக் குறைத்த வீரர் அவர்தான். அடுத்த பந்தயத்துக்கும் என்னை அழைத்திருக்கிறார் – காரிலிருந்து இருபதடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம்!