நாலு நாள் நடை

பாடாலூர் பஸ் நிறுத்தத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற கலியம்மாளுக்கு வாய் நீளம். கூடை இறங்குவதற்குள் பாதி பஸ்ஸை வம்புக்கு இழுத்துவிடுவாள். 2001-இல் அவள் ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். அப்போதும் வாய்க்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

பெரம்பலூர் வக்கீல் அமிர்தலிங்கம் அவளுக்காக இழப்பீட்டு வழக்குப் போட்டார். ரெண்டு பக்கமும் பார்த்துத்தானே கடந்தீர்கள் என்று கேட்டதற்கு, தான் ரெண்டு பக்கமும் பார்த்ததாகவும், ஒரு பக்கமும் பார்க்காமல் வந்தவன் வேன்காரன்தான் என்றும் சொன்னாள். இனி கூடை சுமக்க முடியாது. இழப்பீடு வந்தால் நிறுத்தத்திலேயே ஒரு பெட்டிக்கடை வைத்து உட்கார்ந்துவிடலாம். வராவிட்டால் மகன் கையை எதிர்பார்க்க வேண்டும். அது அவளுக்குக் கால் ஒடிந்ததைவிடப் பெரிய வலி.

கால் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று டாக்டர் சான்றிதழும் கொடுத்திருந்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கலியம்மாள் ஒரு காரியம் செய்தாள். காலை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தால் அதே காலால் நடந்து வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சமயபுரத்தாளுக்கு வேண்டியிருந்தாள். சித்திரைத் தேருக்கு ஊரே கிளம்ப, இவளும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமி காரியத்துக்கு வக்கீல் எதற்கு?

இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் அதைப் போட்டோ எடுத்துவிட்டார். பாடாலூரில் கிளம்பும்போது ஒன்று, சமயபுரத்தில் வேப்பிலையும் கையுமாகச் சிரிக்கும்போது ஒன்று. விஷயம் தெரிந்ததும் அமிர்தலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ்ஸில் போனதாகச் சொல்லிவிடும்படி கெஞ்சினார். நடந்து போய்விட்டு நடக்கவில்லை என்று சொன்னால் ஆத்தா காலைத் திருப்பிக் கேட்பாள் என்று கலியம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ரெண்டு போட்டோவையும் நீட்டி, நடந்துதானே போனீர்கள் என்று வெற்றிச் சிரிப்போடு கேட்டார்.

“ஆமாங்க, நடந்துதான் போனேன்” என்றாள் கலியம்மாள். “கூட வந்தவங்க மறுநாளே சாமியைக் கும்பிட்டுட்டு பஸ்ல திரும்பிட்டாங்க. நான் அப்பத்தான் பாதி வழி. சன்னல் வழியா எனக்குக் கையை ஆட்டிட்டுப் போறாங்க, பாவிங்க.”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டோக்களை வாங்கிப் பார்த்தார். கேமரா மூலையில் தேதியை அச்சடித்திருந்தது. முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு நாலு நாள். எதிர்த்தரப்பு வக்கீல் தேதியைக் கவனித்திருக்கவில்லை. டாக்டர் சான்றிதழுக்கு அதைவிட நல்ல சாட்சியை அமிர்தலிங்கமே தேடிப் பிடித்திருக்க முடியாது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. சந்தோஷமாகச் சொல்லப் போன அமிர்தலிங்கத்திடம், கேஸ் ஜெயித்தால் மறுபடி நடந்து வருவதாக வேண்டியிருப்பதாகக் கலியம்மாள் மெதுவாகச் சொன்னாள். அப்பீல் கெடு முடியும்வரையாவது பொறுக்கக்கூடாதா என்று அவர் தவித்தார்.

“பயப்படாதீங்க வக்கீல் சார்” என்றாள். “இந்தத் தடவை அஞ்சு நாள் எடுத்துக்கிறேன்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த சித்திரையில் அவளுக்கு ஆறு நாள் ஆனது.