பின்கதவுக்குக் குறுக்கே

ஒரு நாள் காலையில் அலமாரியில் இருந்த பாத்திரங்கள் தாமாகக் கிலுங்கின. மேலே உத்திரம் முனகியது. பூமி குலுங்குகிறது என்று நான் நினைப்பதற்குள் நின்றும்விட்டது. அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றான்.

எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அயினி மரப் பலகை. தூணில் காடிப் பள்ளம் வெட்டிச் செருகியது. ஆணி கிடையாது. பயந்துபோன அண்ணன் அமரவிளையிலிருந்து ஓர் ஆசாரியைக் கூட்டிவந்தான். அவர் தூணில் தோளைக் கொடுத்துத் தள்ளியதும் பலகைகள் கறகறவென்றன.

"மரத்துக்கு ஒரு கேடும் இல்ல அண்ணே. தூணும் பலகையும் சேந்த கூடுதான் சாயும். தூணுக்கு அடியில இரும்புப் பட்டை போடணும். ரெண்டு முனையிலயும் குறுக்கச் சட்டம் வச்சுப் பிடிக்கணும். ஒரு முனைய மட்டும் பிடிச்சா வீடு முறுகும்."

தெற்கு முனையில் வெறும் பலகைதான். வடக்கு முனையில் பின்கதவு இருந்தது.

நான் கல்யாணமாகாமல் அண்ணன் வீட்டில் இருப்பவள். நாலு பேர் முன்னால் போய் நிற்க எனக்கு வராது. முன்னறையில் யாராவது வந்து உட்கார்ந்தால், பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து மாட்டுத் தொழுவத்துக்கு இறங்கிவிடுவேன். முன்பக்கம் கான்கிரீட் சமையலறை கட்டிய பிறகு அந்தக் கதவு வீட்டில் வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆசாரி கதவருகே குனிந்து படியைத் தடவினார். "வாசல் அடைஞ்சுபோவுமே. படி தேஞ்சு மினுங்குது. ஆரோ நடமாட்டம் உண்டு."

"அது பண்டு தேஞ்சதாக்கும்," என்றான் அண்ணன். "இது வழி ஆரும் போறதில்ல. நீரு அடியும் ஓய்."

நான் பக்கத்தில்தான் சாயா டம்ளரோடு நின்றேன். "நான் போறேன்" என்று சொன்னால் போதும். ஆனால் எதற்கு, எப்போது, ஏன் ஒளிந்து போகிறாய் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். சாயங்காலத்துக்குள் கதவின் மேல் சட்டங்கள் பெருக்கல் குறியாக ஏறி, போல்ட் முறுக்கியாகிவிட்டது. ஆசாரி மறுபடி தள்ளினார். ஒரு பலகைகூடப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளைப் பெண் பார்க்கப் பூவார் பக்கமிருந்து வந்தார்கள். கறவை நேரமாகியும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. தொழுவத்தில் பசு கத்திக்கொண்டே இருந்தது. நான் வாளியைப் பிடித்தபடி கதவுக்கு முன்னால் நின்றேன். சட்டத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தலை நுழையும், கதவு திறக்காது. பசு இன்னும் உரக்கக் கத்தியது.

முன்னறை வழியாகவே போனேன்.

"இது ஆரு? வேலைக்கு நிக்கவளா?" என்று வந்தவர்களில் மூத்த அம்மா கேட்டாள்.

"எனக்க தங்கச்சியாக்கும்," என்றான் அண்ணன்.

"இம்புட்டு நேரம் எங்க இருந்தா?"

"உள்ளதான்," என்றாள் மைனி, அண்ணன் பெண்டாட்டி. "அவ அப்படித்தான், பூனை மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்துபோய்ப் புதுச் சட்டத்தை இழுத்துப் பார்த்தார். "நல்ல பலம். இனி பூமி குலுங்கினாலும் இதுக்குள்ள இருக்கியவங்க பேடிக்காண்டாம்."

முற்றத்தைச் சுற்றித் தொழுவத்துக்குப் போய்க் கறந்தேன். முன்னறையில் இன்னும் பேச்சு கேட்டது. வாளியில் நுரை அடங்கிப் பால் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே போவதற்கும் அதே வழிதான்.