சாப்பாட்டு நேரக் காவல்

மேட்டுப்பாளையம் தொழிற்சாலையின் ஒரே கம்ப்யூட்டர் அரிகிருஷ்ணன் பொறுப்பில் இருந்தது. யாரும் தொடாமல் விட்டால் கரண்டை மிச்சம்பிடிக்க அதன் ஹார்ட் டிஸ்க் தானாக நின்றுவிடும். மறுபடி கூப்பிட்டால், டிஸ்க்கே இல்லையென்று திரை சாதிக்கும். அதனால் பாவி மனிதன், சாப்பாட்டு நேரத்திலும் அதன் முன்னாலேயே உட்கார்ந்து, வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, டிஸ்க் நின்றுவிடாதபடி இடது கையால் ஏதாவதொரு விசையைத் தட்டிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படைப் புரோகிராமையே குடைந்தான். டிஸ்க்கை எழுப்பிவிட்டு, அது சுற்றி வேகம் பிடிப்பதற்குள் செத்துவிட்டதாகப் புரோகிராம் முடிவுகட்டியிருந்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தான். டிஸ்க் முனகிக்கொண்டே எழுந்தது. அப்பாடா!

"என்னய்யா, கேன்டீன் பக்கம் வந்துட்ட?" என்றார் மேனேஜர் இராமதாஸ்.

"இனிமே அதுவே எழுந்துக்கும் சார்."

மீன்குழம்பை ருசித்துச் சாப்பிட்டான். இடது கை மட்டும் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது.