அடுத்த அறையில் கேட்கச் சொன்னவர்கள்

தெய்வானை இறந்த செய்தி காஜா பெராங் பகுதியில் உள்ள என் வீட்டுக்குக் காலைத் தேநீருக்கு முன்பே வந்தது. மாலைக்குள் அவளைப் புகழும் கூட்டமும் வந்துவிட்டது. முன்னதில் துக்கம், பின்னதில் அருவருப்பு.

அவளை அறிந்தவர்களே, அவள் செட்டிக் கம்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் வாழும் சிற்றூர் அது. வீட்டில் பேசியது மலாய். கான்வென்ட்டில் என்னோடு ஆசிரியையாக இருந்தபோது, என்னிடம் பேசிப் பேசித்தான் தமிழ் கற்றாள்.

ஆண்டின் நடுவில் அவர்கள் முன்னோருக்குப் பழம் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். மெர்டேக்காவுக்கு, நாடு விடுதலை பெற்றதற்கு, முந்திய சில ஆண்டுகளாக, அந்த நாளில் அவள் வீட்டு மங்குஸ்தான் காயாகவே நின்றது. மற்றவர்கள் வெளியூர்ப் பழத்தை வாங்கிப் படைத்தார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை.

"மரம் பொய் சொல்லாது லா, டீச்சர். மழைதான் மாறுதா, இல்ல காத்தா?"

அதைக் கண்டறியவே வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தாள்.

அங்கே நடந்ததை விடுமுறையில் எனக்கு நடித்தே காட்டினாள். "மழைக்காரரு சொல்றாரு, மரம் எங்க வேலையில்ல, அடுத்த அறையில கேளு. மரக்காரரு சொல்றாரு, கடல்காத்து எங்க வேலையில்ல, அடுத்த அறையில கேளு. கம்பத்துப் பாட்டிங்க சொன்னத எடுத்துட்டுப் போனா, எல்லாரும் சேந்து சிரிக்கிறாங்க. அதுல மட்டும் ஒத்துமை!"

மழை, மரம், காற்று, பாட்டிமாரின் நினைவு எல்லாவற்றையும் சேர்த்தே ஆய்வேட்டை எழுதி முடித்தாள். மழையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால்தான் பட்டம் என்றார் துறைத்தலைவர். நானும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"கைய வெட்டிட்டு வளையல் குடுக்கிறாங்க, டீச்சர். எங்க போடுறது?"

பட்டமில்லாமல் திரும்பி வந்து, மறுபடியும் புவியியல் கற்பித்தாள்.

நினைவுக் கூட்டத்துக்கு அதே துறைத்தலைவர் வந்தார். "துறைகளை இணைத்த மேதை, டாக்டர் தெய்வானை" என்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்த டாக்டர் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் என் வாசலில் நின்றார். ஆய்வேடு என்னிடம் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், மழைப் பகுதிய மட்டும் குடுங்க. என் முன்னுரையோட அச்சுல வரும். கிழவிங்க கதையெல்லாம் வேணாம்."

"அடுத்த அறையில் கேளுங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்த ஏடுதான், ஒரு தாளும் குறையாமல். முழுதாக அச்சிட வருபவருக்கு முழுதாகத் தருவேன்.

வரும் பார்ச்சில் அவளுக்கும் இலை போடுவார்கள். மங்குஸ்தான் இன்னும் காய்தான். அந்தக் காயையே வைக்கும்படி அவள் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். வெளியூர்ப் பழத்தை அவள் தொடமாட்டாள்.